தாசிலை அனுப்புகிறேன், கட்டையை அனுப்பவில்லை

மகனே,

உன் கார்டு வந்தது. தபால்காரர் வாசலில் நின்று முழுக்க வாசித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். "தம்பி நாயை அனுப்பச் சொல்லி எழுதிகீது, வேற விசேஷம் ஒண்ணும் இல்லமா" என்று சுருக்கமும் சொன்னார். பிறகு நானும் வாசித்தேன். அவர் சொன்னது சரிதான், வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நலம் என்று எழுதியிருந்தாய், அது உன் நலம். தாசிலை அனுப்பு என்று எழுதியிருந்தாய். வியாழக்கிழமை தன் தங்கை கல்யாணத்துக்கு இங்கே வரும் நண்பர் திரும்பும்போது கூட்டி வருவார் என்று எழுதியிருந்தாய். கடைசியில், "இங்கே மலைப்பாதை நிறைய. அவன் இஷ்டத்துக்கு ஓடலாம்" என்று முடித்திருந்தாய். அம்மா எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுத அந்தக் கார்டில் ஓரமாக இடம் இருந்தது. பரவாயில்லை. என்னை விசாரித்தால் நான் பதில் எழுதுவேன், தாசிலை விசாரித்தால் அவன் வாலை மட்டும் ஆட்டுவான். யாரை விசாரிப்பது நேரத்துக்கு நல்லது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

அனுப்புகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நடுவில் உள்ளதை விட்டுவிடுவாய். ஆனால் நீ கேட்கிற நாய் ஒன்று, நான் அனுப்பப் போகிற நாய் இன்னொன்று. இரண்டுக்கும் பெயர் தாசில்தான், காதில் அதே வெட்டுதான். அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம். அவனோடு என் ஞாயிற்றுக்கிழமையும் போகிறது. அதைப் பற்றி நான் அழப் போவதில்லை, கொஞ்சம் அலுத்துக்கொள்வேன், அதோடு சரி. இதை உறையில் ஒட்டி மூடாமல் நான்கு பேர் பார்க்கும்படி எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. டெலிபோன் ஆபீஸில் உட்கார்ந்து இந்த ஊர் முழுவதன் ரகசியத்தையும் காதில் வாங்கிக்கொண்டு சம்பளம் வாங்குகிறவள் நான். என் வீட்டு விஷயத்தை மட்டும் மூடி வைத்துக்கொண்டால் அது நியாயமில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். உன் அப்பா காலமான வருஷம், நம் வீட்டில் மற்ற ஆறு நாளும் எப்படியோ ஓடிவிடும். உனக்குப் பள்ளிக்கூடம், எனக்கு ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமைதான் ஓடாது. அவர் வீட்டில் இருந்த ஒரே நாள் அது. நீ ஒரு அறையிலும் நான் ஒரு அறையிலும் உட்கார்ந்து, இரண்டு பேரும் எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருப்போம். அப்போதுதான் எங்கள் ஆபீஸ் பாட்டரி அறைக்குப் பின்னால் ஒரு குட்டி வந்து சேர்ந்தது. ஒரே ராத்திரியில் வயரைக் கடித்துக் குதறி, மறுநாள் பாதி ஊருக்குப் போன் இல்லாமல் செய்தது. அன்று ஊரில் எல்லாரும் நேரில் போய்ப் பேசிக்கொண்டார்கள், அதனால் இரண்டு சண்டை வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வந்த அன்றே நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டு, கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் இருந்ததால் நீதான் தாசில்தார் என்று பெயர் வைத்தாய். தெருவில் நின்று "தாசிலு, வாடா இங்கே, ஒண்ணுக்குப் போய்த் தொலை" என்று நீ கத்தியதும், தாலுகா ஆபீஸ் டவாலிச் சேவகர் நம் வீட்டுக்கு வந்து, அய்யா காதில் விழுந்தால் நன்றாக இருக்காது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனதும் தனிக் கதை.

நாய் வந்ததால் நடக்க வேண்டியதாயிற்று. நடக்கத் தொடங்கியதால் ஞாயிற்றுக்கிழமை ஓடிற்று. கொளவாய் ஏரிக்கரை வழியாகப் போய், ரயில் பாதையைத் தாண்டி, அந்தக் கரட்டு மலைமேல் ஆடு போகிற தடத்தில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி வருவது நம் வழக்கமாயிற்று. ஒரு தாய், ஒரு பையன், ஒரு நாய், ஒரு தூக்குவாளி. அந்தக் காலத்தில் வேலை இல்லாமல் யாரும் மலை ஏற மாட்டார்கள். சாமி இருந்தால் ஏறுவார்கள், விறகு இருந்தால் ஏறுவார்கள். நம் மலையில் சாமியும் இல்லை, விறகும் பெரிதாக இல்லை. ஆகவே நான் புதையல் தேடுகிறேன் என்று ஒரு கட்சியும், எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு கட்சியும் ஊரில் இருந்தன. புதையல் கட்சியில் படித்தவர்கள் அதிகம்.

அந்தத் தடத்தில் நாம் கற்றுக்கொண்டதெல்லாம் உதைபட்டுக் கற்றுக்கொண்டதுதான். நீ இப்போது கொல்லிமலையில் ரோடு அளக்கிறாய், பெரிய மனிதன், அதனால் மறந்திருப்பாய். பத்து மணிக்கு மேல் பாறையில் நாயை நடத்தாதே. நாம் செருப்புப் போட்டுக்கொண்டு, பாவம் ஏன் இப்படி நொண்டி நடனம் ஆடுகிறான் என்று சிரித்தோமே, வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதம் நான்கும் தோல் உரிந்து கிடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாறையிலும் நான் செருப்பைக் கழற்றி, மனசுக்குள் இருபது எண்ணும்வரை நின்று பார்ப்பேன். என்னால் நிற்க முடியாவிட்டால் அவனாலும் முடியாது. மலைமேல் சுனையில் அவனை வாய் வைக்க விடாதே. அது யாரோ குடிக்கிற தண்ணீர். அவர்கள் உன்னிடம் வந்து சண்டை போட மாட்டார்கள், பேசாமல் இரண்டு மைல் தள்ளிப் போய்த் தண்ணீர் எடுப்பார்கள். அவனுக்கென்று தூக்குவாளியில் கொண்டுபோ, கொட்டாங்கச்சியில் ஊற்று. தடத்தில் அசிங்கம் பண்ணினால் மண்ணைத் தள்ளி மூடு. ரோடு போடுகிறவனுக்கு மண் தள்ளத் தெரிந்திருக்க வேண்டும். ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், பக்கத்தில் தரையில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம்; கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பு. அவன் நிழலில் படுத்துவிட்டால் அன்றைய நடை முடிந்தது. உனக்கு இன்னும் தெம்பு இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை.

எதிரில் ஆள் வந்தால் தடத்தை விட்டு இறங்கி நில், நாயை உனக்குப் பின்னால் பிடி. "ஒண்ணும் பண்ணாது, வாங்க" என்று மட்டும் சொல்லாதே. உன் கணக்கு வாத்தியாரிடம் நான் அதைத்தான் சொன்னேன். மனிதர் மனைவியை இழந்தவர், டாக்டர் சொன்னார் என்று அரை டிராயரோடு காலையில் மலை ஏறுவார். அந்த டிராயரை முன்பின் பார்த்திராத தாசில் என்ன செய்வான்? ஆடுசதையில் ஒரு பிடி. நம் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தது, சீட்டும் இருந்தது, ஆனால் சீட்டு வீட்டில் இருந்தது, வாத்தியார் பயத்தில் இருந்தார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. கடித்த நாயின் சொந்தக்காரி என்ற முறையில் பதினான்கு நாளும் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். ஒரே ரிக்ஷாவில். அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் என் கைப்பை. மூன்றாவது நாளே ஊர் எங்களுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டது. என் காதிலேயே, என் டெலிபோன் பலகையிலேயே, நான் இணைத்துக் கொடுத்த லைனிலேயே இரண்டு பேர் அதைப் பேசினார்கள். நடுவில் நான் இருமினேன். வாத்தியார் பதினான்கு நாளும் அல்ஜீப்ராவின் அழகைப் பற்றி மட்டுமே பேசினார். கடைசி நாள் இறங்கும்போது ஏதோ சொல்ல வாய் எடுத்தார், ரிக்ஷாக்காரர் மணி அடித்தார், அதோடு போயிற்று. பதினைந்தாவது ஊசி என்று ஒன்று இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. அதன் பிறகு அவர் மலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். கடற்கரை ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி. அந்தச் சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், புதிதாகப் போட்டது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நட. யாருடைய காலை நடையாவது கெட்டுப்போகாமல் இருக்கும்.

கடற்கரை என்றதும் மாமல்லபுரம் ஞாபகம் வருகிறது. மீன் ஏற்றி வந்து காலியாகத் திரும்புகிற லாரியில், நாய்க்கும் டிக்கெட் கேட்காத அந்த டிரைவர் புண்ணியத்தில், மாதம் ஒரு தடவை போவோம். கோயில் பக்கம் கூட்டம் என்று வடக்கே குப்பத்தைத் தாண்டி நடப்போம். பொங்கல் கழிந்து ஒரு நாள் தாசில் மணலைத் தோண்டு தோண்டு என்று தோண்டி, உருண்டை உருண்டையாக ஆமை முட்டைகளை வெளியே இழுத்துப் போட்டு, பந்து கிடைத்த சந்தோஷத்தில் எகிறிக்கொண்டிருந்தான். நீயும் கை தட்டினாய். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் வந்து பார்த்தார். அவர்களும் ஆமை முட்டை எடுக்கிறவர்கள்தானே என்ற தைரியத்தில், நான் ஏதோ நாய்க்கு வக்கீல் மாதிரி பேசினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, முட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாங்க துன்றதுக்குப் பாதி எடுப்போம், பாதி வுடுவோம். உங்க நாயி இன்னாத்துக்கு எடுக்குது?"   மூன்று பேரும் லாரி வரும்வரை உட்கார்ந்திருந்தோம், ஒருத்தன் மட்டும் வாலாட்டிக்கொண்டு.

இப்போது பச்சையம்மாவிடம் வருகிறேன். மலையில் ஆடு மேய்க்கும் பச்சையம்மாவை உனக்குத் தெரியும். கையில் தொரட்டி, வாயில் புகையிலை, தலையில் துண்டு. முதல் நாள் நம்மைப் பார்த்து அவள் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. "இன்னா டெலிபோனம்மா, நீ நாயை மேய்க்கிறியா, நாயி உன்னை மேய்க்குதா?" அப்போது அவன் என்னைக் களாச் செடிகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தான், ஆகையால் கேள்வி நியாயமானது. அவளோடு நமக்கு நல்ல சிநேகம். பலகையில் கேட்ட கதை எதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது என் ஆபீஸ் சட்டம். ஆட்டுக்காரியிடமும் சொல்லக் கூடாது என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அந்த ஞாயிறு, பாறைச் சரிவுக்கு மேலே, அவனுக்கு மூச்சு வாங்கிற்று. பாவம், கொஞ்சம் விடேன் என்று நான் சொன்னேன். நீ கயிற்றை அவிழ்த்தாய். அவன் ஓடிய ஓட்டத்தை நாம் இரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றோம், உண்மையைச் சொல்ல வேண்டுமே, அவ்வளவு அழகாக இருந்தது. காது பின்னால் போய், வயிறு தரையைத் தொட்டு, ஒரே கோடாக. ஆடுகள் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருந்ததை நாம் பார்க்கவில்லை. அவன் எதையும் கடிக்கவில்லை. அவனுக்கு அது விளையாட்டு. மந்தை கலைந்து மேட்டில் ஏறிற்று, ஒன்று மட்டும் ஏற முடியாமல் பாறை இடுக்கில் விழுந்தது. பச்சையம்மா மெதுவாக இறங்கி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்து நான் அதற்குத் தயாராக நின்றேன். அவள் இடுக்குக்குள் கையை விட்டு ஆட்டின் வயிற்றைத் தடவினாள். கொஞ்ச நேரம் அப்படியே கையை வைத்திருந்தாள். "வயித்துல ரெண்டு குட்டி, ரெண்டும் போச்சு" என்றாள். அவ்வளவுதான். நான் எதை எதையோ தருவதாகச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு நாம் போகத் தயங்கினோம். போனோம். தடம் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு சவுக்குக் கட்டை. தறிகெட்டு ஓடுகிற மாட்டுக்குக் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவார்களே, தொண்டுக்கட்டை, அது. முன்னங்காலுக்கு நடுவே தொங்கும். நடந்தால் ஒன்றும் செய்யாது. ஓடினால் முழங்காலில் அடிக்கும். மலைக்கு வருகிற எந்த வீட்டு நாய்க்கும் அதுதான் சட்டம் என்றாள். கயிறுதான் இருக்கிறதே என்று நான் கேட்டேன். "கயிறு உன் கையில கீது. உன் கையி எந்நேரமும் அதையே நெனச்சிகினு இருக்குமா? கட்டைன்னா அது பாட்டுக்கு நெனச்சிகினு கெடக்கும்" என்றாள்.  நீதான் வாங்கிக்கொண்டாய். வீட்டுக்கு வந்து சோடா பாட்டில் சில்லால் இரண்டு சாயங்காலம் அதைச் சுரண்டிச் சுரண்டி, அவன் காலில் சிராய்ப்பு வராதபடி கன்னம்போல வழவழப்பாக ஆக்கினாய். உனக்கு அப்போது பதினைந்து வயது. நீ எதையும் அவ்வளவு அக்கறையாகச் செய்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முதல் மாதம் அடி வாங்கினான். இரண்டடி பாய்வான், டொக் என்று ஒரு சத்தம், நிற்பான், நம்மைத் திரும்பிப் பார்ப்பான். பிறகு கற்றுக்கொண்டான். மலையில் மட்டும் கட்டுவது, இறங்கியதும் அவிழ்ப்பது என்பது நம் ஏற்பாடு, நீ இருந்தவரை அப்படித்தான் நடந்தது. மலையை விட்டு இறங்கியதும் ஏரிக்கரை முழுக்க நீயும் அவனும் ஓடுவீர்கள், நான் கட்டையையும் தூக்குவாளியையும் சுமந்துகொண்டு பின்னால் வருவேன். நீ பாலிடெக்னிக்குக்குப் போனாய், அங்கிருந்து வேலைக்குப் போனாய். தீபாவளிக்கு வந்தாய், அடுத்த தீபாவளிக்குக் கார்டு வந்தது. என் உடம்பு உனக்குத் தெரியும், டெலிபோன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த நாற்காலியின் வடிவத்துக்கே வந்துவிட்டவள். கட்டை இல்லாத தாசிலை ஒரு தடவை ஏரிக்கரையில் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒரு கொக்கைப் பார்த்துவிட்டு அவன் இழுத்த இழுப்பில் நான் சப்பாத்திக் கள்ளியின்மேல் முழுதாக உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு மணி நேரம் முள் எடுத்தாள், எடுத்துக்கொண்டே தன் வீட்டுக் கதை முழுவதும் சொன்னாள், நான் குப்புறப் படுத்துக்கொண்டு உம் கொட்டினேன். ஒரு வாரம் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு வாசலிலிருந்து வாசல்வரை கட்டையை அவிழ்ப்பதில்லை. மலையிலும் கட்டை, ஏரிக்கரையிலும் கட்டை, கடலிலும் கட்டை. கடலில் ஒன்று கவனித்தேன். அலை வந்து காலைச் சுற்றும்போது கட்டை மிதக்கும். அப்போது அவன் தலையைத் தூக்கி, என்னவோ நடந்துவிட்டது என்கிற மாதிரி நாலாபக்கமும் பார்ப்பான். அலை திரும்பிப் போனதும் கட்டை கீழே இறங்கும். அவனும் தலையைத் தாழ்த்திக்கொள்வான். அதைப் பார்த்துக்கொண்டு நான் வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பேன்.

உன் கார்டு வந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இஷ்டத்துக்கு ஓடலாம் என்று எழுதியிருக்கிறாயே. நீ அங்கே மலையில் தனியாக நடக்கும்போது உன் மனசில் உனக்கு முன்னால் ஓடுகிற நாய் எது என்று எனக்குத் தெரியும், ஏரிக்கரையில் உன்னோடு ஓடின நாய் அது. ஆகவே போன ஞாயிறு அவனைக் கட்டையில்லாமல் பார்த்துவிடுவது என்று மலைக்குக் கூட்டிப் போனேன். பச்சையம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆடுகளை அந்தப் பக்கச் சரிவுக்கு ஓட்டிவிட்டு வந்து, தன் சட்டத்தைத் தானே தளர்த்தினாள். கயிற்று முடிச்சு மழையிலும் வெயிலிலும் இறுகிக் கல்லாகியிருந்தது, என் நகத்துக்கு வரவில்லை. தொரட்டியின் அலகால் அவள்தான் அறுத்தாள். கட்டை விழுந்தது. அவன் உடம்பை உதறினான், ஒரு தும்மல் போட்டான். சரி, இப்போது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

நடந்தான். கட்டை இருந்தபோது எப்படி நடப்பானோ அப்படியே, முன்னங்கால்களை இரண்டு பக்கமும் அகற்றி அகற்றி வைத்து, நடுவில் இல்லாத ஒன்றின்மேல் இடித்துவிடாமல் நடந்தான். ஒரு குச்சியை எறிந்தேன். போய் எடுத்தான், அதே நடை. கைதட்டினேன், விசில் அடிக்கப் பார்த்தேன், காற்றுத்தான் வந்தது. கடைசியில் அவனுக்கு வழி காட்டுவதற்காக நானே ஓடினேன். ஆமாம், நான்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இந்த உடம்போடு, அந்தப் பாறைமேல், "வாடா தாசிலு, வாடா" என்று கத்திக்கொண்டு, புளிய மரம்வரை. பச்சையம்மா சிரித்த சிரிப்பில் புகையிலை வெளியே வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவன் உட்கார்ந்திருந்தான். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தான். இவளுக்கும் ஒரு கட்டை வேண்டியிருக்கிறது என்று நினைத்திருப்பான்.

மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கட்டை கழுத்தில் இல்லை, உள்ளே போய்விட்டது என்றாள் பச்சையம்மா. அங்கே மலை வேறு, மண் வேறு, பழைய ஆளைப் பார்த்தால் ஒருவேளை ஓடுவானோ என்று கேட்டேன்.  சரிவிலிருந்து ஏறி வந்து மேட்டில் ஒதுங்கி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஆடுகளைக் காட்டினாள். "அன்னிக்கு வுழுந்த ஆட்டோட கொள்ளுப் பேத்தியெல்லாம் அதுல கீது. இன்னிக்கும் இதைக் கண்டா ஒதுங்குது. இதுக்கு ஓட்டமே போச்சுன்னு அதுங்களுக்கு யாரு சொல்றது?" என்றாள். கட்டையைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். அவள் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷத்தில் அதன் பிறகு ஒரு குட்டிகூடச் சாகவில்லை. நாம் செய்ததும் தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. எல்லாரும் சரியாகத்தான் செய்தோம், அவன்தான் ஓடவில்லை.

அனுப்பாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். நாய்க்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதினால் நீ நம்புவாய். இரண்டாவது கார்டு போடுகிறவன் இல்லை நீ. பிறகு யோசித்தேன். இங்கே அவனுக்கு நான், எனக்கு அவன். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நடக்கிறோம், இரண்டு பேருக்கும் இடுப்பு வலி. வருஷம் இரண்டு மூன்று போனால் யாராவது ஒருத்தர்தான் நடப்போம். நீயோ கேட்டிருக்கிறாய். வேலைக்குப் போன பிறகு இந்த வீட்டிலிருந்து நீ கேட்ட முதல் பொருள் அது. ஊறுகாய் அனுப்பட்டுமா என்றால்கூட வேண்டாம் என்கிறவன். கேட்டபோது கொடுக்காவிட்டால் இனி எதையும் கேட்க மாட்டாய் என்று தோன்றியது. கொடுத்தாலும் கேட்க மாட்டாய் என்றும் தோன்றத்தான் தோன்றியது. எப்படியும் அதேதான் என்றால் கொடுத்துவிடலாமே.

வியாழக்கிழமை உன் நண்பரிடம் கயிற்றோடு ஒப்படைப்பேன். ரயில் கார்டின் வண்டியில் நாய்ப் பெட்டிக்குச் சொல்லி வைத்தாயிற்று. விருத்தாசலத்தில் வண்டி மாறும்போது தண்ணீர் காட்டச் சொல், சோறு வேண்டாம், ரயிலில் வாந்தி எடுப்பான். என் பழைய சேலை ஒன்றைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன், அதைத் துவைக்காதே. நீ அடிவாரத்தில் வந்து நில். உன்னைப் பார்த்து ஓடி வருவான் என்று கையை விரித்துக்கொண்டு நிற்காதே, நடந்துதான் வருவான், நீயே போய்க் கட்டிக்கொள். அங்கேயும் ஆடு இருக்கும், சுனை இருக்கும், உன்னையும் அவனையும் கண்டு பயப்படுகிற ஜனங்கள் இருப்பார்கள், இரவில் கரடியும் இருக்கும் என்கிறார்கள். வாசலில் கட்டாதே, உள்ளே படுக்க வை. கயிறு எப்போதும் கையில் இருக்கட்டும். தாசிலுக்கு அது தேவைப்படாது. உன் கைக்குத்தான் தேவை, அது எதையாவது பிடித்துக்கொண்டு நடந்து நாளாயிற்று. அவன் நடக்கிற வேகத்துக்கு நட. ரோடு எங்கேயும் போய்விடாது, நீ அளக்கும்வரை அங்கேதான் இருக்கும். இதில் பாதியையும் நீ செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரியும். முழுக்க எழுதினால்தான் பாதியாவது மிஞ்சும்.

கட்டையை அனுப்பவில்லை. அது உனக்கு வேண்டாம், அவனுக்கும் வேண்டாம். சமையலறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது, அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. உன் மலை அடிவாரத் தபால் ஆபீசில் போன் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்து ஆபரேட்டர் பெண்ணின் குரலும் தெரியும், எப்போதும் ஜலதோஷம் பிடித்த குரல். மாதம் இரண்டு தரம் இறங்கி வந்து யாருக்கோ பேசுகிறாயாம். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சரி, கேட்டேன். அவள் சொல்லவில்லை, நல்ல பெண். எனக்குப் பேச வேண்டாம், என்ன பேசுவது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் என்றைக்காவது, ஒரு காகத்தையோ அணிலையோ உன்னையோ பார்த்து, தாசில் நான்கு காலும் தரையை விட்டு எழும்ப ஓடினால், அன்றைக்கு மட்டும் இறங்கி வந்து எங்கள் ஆபீஸுக்கு ஒரு டிரங்க் கால் போடு. ஓடவில்லை என்றால் போட வேண்டாம், நான் புரிந்துகொள்வேன். பகல் முழுவதும் பலகைக்கு முன்னால்தான் இருப்பேன். உன் டிரங்க் கால் சேலம் லைனில்தான் வர வேண்டும், மேல் வரிசையில் இடது கோடி விளக்கு. அது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எரியும். ஜவ்வரிசி வியாபாரிகள்தான். ஒவ்வொரு தடவையும் ஜவ்வரிசி வியாபாரிதான் என்று சொல்லிக்கொண்டே எடுப்பேன்.

உன்
அம்மா